செத்தவன் முறை

சங்ககிரியில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட சினிமாக் கொட்டகை ஒன்று இருந்தது. அதில் பதினேழு வருடம் படம் ஓட்டியவர் சின்னுசாமி. மேச்சேரிப் பக்கத்து ஆள். அப்பா செம்மறி ஆடு வளர்த்து விற்றவர். சின்னுசாமிக்கு ஆட்டுப் புழுதி ஒத்துக்கொள்ளாது, இளைப்பு வந்துவிடும். அதனால் பதினாறு வயதில் சினிமாவுக்கு வந்தார். கல்யாணம் ஆனது. மனைவி தலைப்பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளையும் தங்கவில்லை. பிறகு கொட்டகையே வீடு என்று ஆகிவிட்டது. மெஷின் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து அவர் கண்கள் எப்போதும் சிவந்து கிடக்கும். பார்க்கிறவர்கள் குடிகாரன் என்று நினைப்பார்கள். மனுஷன் டீகூட இரண்டாவது குடிக்க மாட்டார்.

நாற்பது வயதுவரை அவர் வாழ்க்கையில் எடுத்துச் சொல்லும்படி நடந்தது ஒன்றுதான். அது ஒரு தப்பு.

1975ஆம் வருடம், ஐப்பசி மழை. ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக் காட்சிக்கு அந்தக் கொட்டகையில் ஆங்கிலப் படம் போடுவார்கள். வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் டிரைவர்கள்தான் அந்தக் காட்சிக்கு வருகிற கூட்டம். அந்த வாரப் படப்பெட்டி பஸ்ஸின் தலையில் நனைந்துகொண்டே வந்தது. ஏழு டப்பா, ஏழு ரீல். மேலே ஒட்டியிருந்த காகிதமெல்லாம் கூழாகிப்போயிருந்தது. ரீலின் தலைப்பக்கம் எண் எழுதியிருப்பார்கள். இது அடிபட்ட பழைய பிரிண்ட், தலையெல்லாம் கிழிந்து ஒட்டுப்போட்டது. சின்னுசாமி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெயர் வருவது முதல் ரீல், மாலை போடுவது கடைசி ரீல். நடுவில் இருந்த ஐந்தும் கார், கார், கார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்திருந்தாலும் பயனில்லை, அந்தப் படத்தில் பேச்சே கம்மி. உத்தேசமாக அடுக்கி ஓட்டினார்.

கதை இவ்வளவுதான். ஏதோ ஒரு வெளிநாட்டில் இருபத்து நாலு மணி நேரம் கார்ப் பந்தயம். வண்டி நிற்கக் கூடாது. ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர். ஒருத்தன் ஓட்டும்போது மற்றவன் பெஞ்சில் படுத்துத் தூங்குவான். பிறகு இவன் ஏறுவான், அவன் இறங்குவான். பதினாலாம் நம்பர் பச்சை வண்டியை ஒரு வயசாளியும் ஓர் இளையவனும் ஓட்டுகிறார்கள். வயசாளி சுவரில் மோதிச் செத்துப்போகிறான். அவனை வெள்ளைத் துணி போட்டு மூடி எடுத்துப் போகிறார்கள். நசுங்கிய வண்டியைத் தட்டிச் சரிசெய்து இளையவன் தனியாக ஓட்டி ஜெயிக்கிறான்.

சின்னுசாமி ஐந்தாம் ரீலுக்கு முன்னால் ஆறாம் ரீலைப் போட்டுவிட்டார். ஐந்தாம் ரீலில் விடியற்காலைப் பனி. வயசாளி தன் முறைக்கு வந்து ஏறுகிற இடம் அது.

ஆக, அன்றைக்கு டிரைவர்கள் பார்த்தது வேறு படம். வயசாளி மோதுகிறான், சாகிறான், வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள். ஒற்றை மெஷின் கொட்டகை என்பதால் ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். மறுபடி இருட்டு. திரை முழுக்கப் பனி. இளையவன் பெஞ்சில் தூங்குகிறான். பனிக்குள்ளிருந்து செத்தவன் நடந்து வருகிறான், மேலெல்லாம் வெள்ளை உடுப்பு, அவசரமே இல்லாமல். தூங்குகிறவனை ஒரு கணம் நின்று பார்க்கிறான். எழுப்பவில்லை. வண்டியில் ஏறி எடுத்துக்கொண்டு போகிறான். வண்டியில் ஒரு நசுங்கல்கூட இல்லை.

கொட்டகையில் ஒருவரும் விசிலடிக்கவில்லை. பீடி பற்றவைத்தவர்கள் இழுக்க மறந்தார்கள். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. படம் முடிந்து வெளியே வந்தபோது நரைத்த மீசைக்காரர் ஒருவர் மட்டும் வாய் திறந்தார்.

"அப்பறம்? இருவத்திநாலு மணி நேரமுன்னா சும்மாவா? உசுரோட இருக்கறவனை மட்டும் நம்பி வண்டி ஓடாது. செத்தவனும் அவன் முறையைப் பாக்கோணும்."

வடக்கே ஐதராபாத், நாக்பூர் என்று வாரக்கணக்கில் போகிற லாரியை அங்கே லைன் வண்டி என்பார்கள். அதற்கும் இரண்டு டிரைவர். இறங்குவதும் ஏறுவதும் முறை வைத்துத்தான். அன்றைக்கு அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் வழியில் செத்துப்போன ஒரு கூட்டாளியாவது இருந்தான். யாருக்கும் அந்தப் படம் தப்பாகத் தெரியவில்லை.

சாயங்காலம் ரீலைத் திருப்பிச் சுற்றும்போதுதான் வால்பக்கம் கீறியிருந்த எண் சின்னுசாமியின் கண்ணில் பட்டது. அவருக்கு வெட்கமாகப் போயிற்று. அடுத்த ஞாயிறு சரியான வரிசையில் ஓட்டினார். அன்றைக்கு, கேள்விப்பட்டு வந்த கூட்டம் இரண்டு மடங்கு. படம் முடிகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டுத் தரையில் இருந்த மணலை அள்ளித் திரையில் வீசினார்கள். ஓர் ஆள் மெஷின் அறைக்கே ஏறி வந்துவிட்டான். ஒல்லியான உடம்பு, இருபத்தெட்டு வயது இருக்கும். திருச்செங்கோட்டுப் பக்கத்து அர்த்தநாரி.

"ஏனுங்ணா, செத்தவன் திரும்பி வார எடத்த எங்க ஒளிச்சு வெச்சீங்க?"

"ஒளிக்கலப்பா. படமே இப்பிடித்தான்."

"எங்ககிட்டயேவா? போன வாரம் ரெண்டு கண்ணுல பாத்தது பொய்யா? இவன்கிட்டச் சொல்லிக் கூட்டியாந்திருக்கேன். என்னைய இவன் இனி மனுசனா மதிப்பானா?"

இவன் என்று அவன் காட்டியது ராசப்பனை. அர்த்தநாரியின் வண்டியில் அடுத்த டிரைவர். கட்டையான ஆள், தொந்தி முன்னால் வரும். ராசப்பன் சிரித்தான். "உடுறா. அந்த ஆளுக்கு இன்னிக்கி லீவாட்ட இருக்குது."

கொட்டகை முதலாளி சண்முகவேல் கூட்டத்தைப் பார்த்தார், திரையில் ஒட்டிய மணலைப் பார்த்தார். "ஏப்பா சின்னுசாமி, அவிய கேக்கற மாதிரியே ஓட்டு. படம் எடுத்தவன் என்ன இங்கயா வந்து பாக்கப் போறான்?"

சின்னுசாமி பிளேடை எடுத்து இரண்டு ரீலிலும் எண் இருந்த துண்டைக் கத்தரித்து எறிந்தார். முதல் நாள் நடந்தது கைப்பிசகு. இது தெரிந்தே செய்தது. அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியும்.

அதிலிருந்து வருடத்துக்கு இரண்டு தரமாவது அந்தப் படம் சங்ககிரிக்கு வரும். டிரைவர்கள் தம்பிமாரையும் மச்சான்மாரையும் கூட்டி வந்தார்கள். புதிதாக லைசென்ஸ் எடுத்தவனை லைனுக்கு அனுப்புவதற்கு முன்னால் இந்தப் படத்துக்கு அழைத்து வருவது வழக்கமாகிவிட்டது. மட்கார்டில் பச்சை வட்டம் போட்டு உள்ளே பதினாலு என்று எழுதிக்கொண்டார்கள். அந்தப் பந்தயம் நிஜமாகவே வருடா வருடம் நடக்கிறது என்று யாரோ சொன்னதும், ஆனி மாதத்தில் ஆங்கிலப் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் வரும் நாலு வரிக்காகக் காத்திருந்தார்கள். கூட்டுறவுச் சங்கத்துக் கிளார்க் அதைப் படித்துச் சொல்லுவார். எந்த வண்டி எத்தனை சுற்று, எது எந்த மணியில் நின்றுபோயிற்று, டயரா, கியரா என்று டீக்கடையில் ஒரு வாரம் சண்டை நடக்கும். மெட்ராஸ் பக்கம் சோழவரத்தில் கார்ப் பந்தயம் என்றால் சரக்கில்லாத எம்டி வண்டியைக் கட்டிக்கொண்டு இருபது பேர் போவார்கள். பத்துச் சுற்றில் முடிந்துவிட்டது என்று திட்டிக்கொண்டே திரும்புவார்கள். வேகம் அவர்களுக்குப் பெரிதில்லை. நிற்காமல் எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. அதைவிடப் பெரிய கணக்கு இன்னொன்று இருந்தது. எந்தச் செய்தி வந்தாலும் ஒருவன் கேட்பான்: "அதுல செத்தவன் முறை எது?"

இப்படி ஏழு வருடம் போயிற்று.

1983, தை மாதம். நாக்பூரில் ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு அர்த்தநாரியும் ராசப்பனும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆதிலாபாத் தாண்டியதும் ராசப்பன் நெஞ்சு கரிக்கிறது என்றான். வாயு என்று நினைத்துச் சோடா குடித்தான். இடது தோள் வலிக்கிறது என்றான். ஸ்டியரிங் பிடித்த வலி என்று நினைத்தார்கள். நெஞ்சில் வருவதை வயிற்றில் வருவதாக நினைத்துச் சோடா குடித்துச் செத்தவர்களை எண்ணி மாளாது. உச்சி வெயிலில் வண்டியை ஓரம்கட்டிவிட்டு ராசப்பன் புளிய மர நிழலில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

அங்கே இருந்த டாக்டர் இறப்புச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அர்த்தநாரி, ராசப்பனின் உடம்பை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுக்கிற பலகையில் கிடத்தி, வண்டியை எடுத்தவன் மறுநாள் மாலை சங்ககிரியில் வந்து நிறுத்தினான். இருபத்தெட்டு மணி நேரம். தண்ணீர் குடிக்க இறங்கியதுகூடக் கிடையாது. ஒற்றை ஆள் அப்படி ஓட்டவே முடியாது என்று டிரைவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

"நான் எங்க ஒத்தையா ஓட்டுனேன்? அனந்தப்பூர் வரைக்கும் நானு. அப்பறம் ராசப்பன்" என்றான் அர்த்தநாரி.

உடம்பை இறக்கினார்கள். கால்கள் முழங்காலில் மடங்கி, நாற்காலியில் உட்கார்ந்தவன் மாதிரி விறைத்திருந்தன. குறுகலான பலகையில் மடக்கிக் கிடத்தினால் அப்படித்தான் விறைக்கும். பிணம் குளிப்பாட்டிப் பழகியவர்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் வலது உள்ளங்காலில் மட்டும் கறுப்பாகப் புது எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. பெடலை வெறுங்காலால் மிதிக்கிறவனுக்கு ஒட்டுகிற பிசுக்கு. செத்த அன்று காலையில் அவன்தான் ஓட்டினான், அதனால் இருக்கலாம். குளிப்பாட்டியவர்கள் சீயக்காய் போட்டுத் தேய்த்துப் பார்த்தும் அது போகவில்லை.

லாரி முதலாளி வேறு டிரைவரைச் சேர்த்துவிட்டார். அர்த்தநாரி வேண்டாம் என்றான். "ஆளிருக்குதுங்க" என்றான். கிளீனராக வந்தவர்கள் ஒரே நடையில் சொல்லாமல் நின்றுவிட்டார்கள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சரக்கு மட்டும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. முதலாளி வாயை மூடிக்கொண்டார்.

ஒரு வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அர்த்தநாரியின் மனைவி வசந்தாமணி கொட்டகைக்கு வந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறவள். நேராக மெஷின் அறைப் படியேறி வந்து நின்றாள்.

"நீங்கதானுங்களே படம் ஓட்டறவரு? அந்தக் கார்ப் படத்த இனிமே இந்த ஊர்ல போடாதீங்க."

"ஏனுங்க அம்மிணி?"

"எங்கூட்டுக்காரரு தூங்கறதில்லீங்க. ஊட்டுக்கு வந்தாலும் முழிச்சே கெடக்கறாரு. கேட்டா, நான் வண்டியில தூங்கிக்குவேன், அவன் முறையில தூங்கிக்குவேனுங்கறாரு. கண்ணுக்குக் கீழ பாருங்க, கரி பூசுனாப்பல. எடை பதினோரு கிலோ எறங்கிருச்சு, நானே ஆஸ்பத்திரித் தராசுல நிறுத்திப் பாத்தேன். தூக்கமில்லாத மனுசனுக்குக் கண்ணு தொறந்தபடியே தூக்கம் வருமுங்க. பிரசவ வார்டுல நின்னுக்கிட்டே நானே தூங்கியிருக்கேன். நான் உளுந்தா தரையில உளுவேன். அவரு எதுல உளுவாரு?"

சின்னுசாமி கையிலிருந்த ரீலைக் கீழே வைத்தார்.

"வெள்ளிக்கெழம சவ்வரிசி ஏத்திட்டு மறுபடியும் நாக்பூர் போறாரு. ஒத்தையா. அந்தப் படத்துல செத்தவன் வாரானாமே. அதப் பாத்து வந்த வெனைதானுங்க இத்தனையும்."

"வாரதில்ல அம்மிணி" என்றார் சின்னுசாமி. சொன்ன பிறகு அவருக்கே தன் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ரீல் மாறியது, மணல் வீசியது, பிளேடால் கத்தரித்தது எல்லாவற்றையும் சொன்னார்.

வசந்தாமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அட மகராசா. எட்டு வருசமா வாயத் தொறக்காம இருந்தீங்களா? மருந்து மாத்திக் குடுத்துட்டுப் பேசாம இருந்தா எங்க ஆஸ்பத்திரியில செருப்பால அடிப்பாங்க. போய் அவருகிட்டச் சொல்லுங்க."

படம் அந்த வாரம் கொட்டகையிலேயே இருந்தது. புதன்கிழமை பகலில் அர்த்தநாரியை வரச்சொல்லி, காலிக் கொட்டகையில் அவன் ஒருவனுக்காகச் சின்னுசாமி படத்தைச் சரியான வரிசையில் ஓட்டினார். முதலாளியிடம் கேட்கவில்லை. தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் ஊசி ஊசியாக இறங்கி, நானூறு பேர் உட்காரும் மணல்தரையில் புள்ளி புள்ளியாக விழுந்தது. அர்த்தநாரி பின்பக்க பெஞ்சில் ஓர் ஓரமாக உட்கார்ந்தான். நடுவில் உட்காரச் சொன்னதற்கு, "இருக்கட்டுமுங்க, பக்கத்துல எடம் வேணும்" என்றான்.

பனி வந்தது. வயசாளி வந்து ஏறிப் போனான். அடுத்த ரீலில் செத்தான். மாலையோடு படம் முடிந்தது. சின்னுசாமி இறங்கி வந்து, "இதான் தம்பி நெசம். அவன் உசுரோட இருக்கறப்பத்தான் வாரான். நான் மாத்திப் போட்டுட்டேன். என்னைய நாலு அடி வேணுமின்னாலும் அடி. வெள்ளிக்கெழம ஒத்தையாப் போவாத" என்றார்.

அர்த்தநாரி கோபப்படவில்லை. அதுதான் சின்னுசாமிக்குப் பயமாக இருந்தது.

"படத்துல நீங்க மாத்தினீங்க, சரீங்ணா. அனந்தப்பூர்லருந்து சங்ககிரி வரைக்கும் ரோட்டுல யாருங்க மாத்தினது?" எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். "நீங்க வேணா வந்து பாருங்க. சீட்டு காலியாத்தான் கெடக்குது."

சின்னுசாமி போனார். போகாமல் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றத்தான் செய்தது. சண்முகவேலிடம், உறவில் ஒரு சாவு என்று பொய் சொல்லி ஆறு நாள் லீவு வாங்கினார். வசந்தாமணி ஒரு தூக்கில் கட்டுச்சோறும் ஒரு பாட்டிலில் தண்ணீரும் கொடுத்தாள். "தண்ணி குடிக்கறதுக்கில்லீங்க. மூஞ்சியில அடிக்கறதுக்கு" என்றாள்.

முதல் நாள் அர்த்தநாரி நன்றாகவே ஓட்டினான். தோசை தின்றான், டீ குடித்தான், எதிரில் வந்த வண்டிக்காரர்களைப் பெயர் சொல்லித் திட்டினான். பெங்களூருக்கு அந்தப்பக்கம் வண்டியை நிறுத்திப் படுத்தார்கள். சின்னுசாமி தூங்கினார். விழித்த போதெல்லாம் அர்த்தநாரி ஸ்டியரிங்கின் முன் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே இருந்தான்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணி. அனந்தப்பூர் தாண்டியாகிவிட்டது. இரண்டு பக்கமும் கரிசல் மண், ஒரு மரம் இல்லை. ரோட்டின் மேல் கானல் தண்ணீர் மாதிரி நின்றது. நிழல் என்று இருந்தது லாரிக்கு அடியில் மட்டும்தான்.

"என் முறை முடிஞ்சுதுங்ணா" என்றான் அர்த்தநாரி, சாதாரணமாக.

வண்டி நிற்கவில்லை. அவன் தன் இடத்தில் கொஞ்சம் இடப்பக்கமாக, யாருக்கோ இடம் கொடுக்கிற மாதிரி நகர்ந்து உட்கார்ந்தான். இடது கை மடியில் விழுந்தது. பிறகு வலது கையும்.

சின்னுசாமி அவன் முகத்தைப் பார்த்தார். கண் திறந்திருந்தது. விழி மேலே போய், கீழே வெள்ளை தெரிந்தது. வாய் லேசாகத் திறந்து, மூச்சு நீளமாக வந்துகொண்டிருந்தது. இமைமேல் ஓர் ஈ உட்கார்ந்தது. இமை அசையவில்லை. ஒரு வருடத்துத் தூக்கமும் சேர்ந்து அந்த மனுஷன் தூங்கிக்கொண்டிருந்தான்.

லாரி நேராகப் போய்க்கொண்டிருந்தது.

எழுப்ப வேண்டும் என்று சின்னுசாமிக்குத் தெரியும். கை வரவில்லை. முன்னால் இடப்பக்கமாக ஒரு வளைவு வந்தது. ஸ்டியரிங் இடது பக்கம் மெதுவாகத் திரும்பியது, வளைவு முடிந்ததும் திரும்பி வந்து நின்றது. அவசரமே இல்லை. எருமைகள் குறுக்கே வந்தன. ஹாரன் இரண்டு தரம் அடித்தது. ராசப்பன் எப்போதும் இரண்டு தரம்தான் அடிப்பான் என்று கொட்டகை வாசலில் டிரைவர்கள் கேலி பேசியது சின்னுசாமிக்கு ஞாபகம் வந்தது. அர்த்தநாரியின் இரண்டு கையும் மடியில் மல்லாந்து கிடந்தன. கேபினுக்குள் ஆரஞ்சுப் பழத்தோல் வாசனை அடித்தது. பின்னால் இருந்தது சவ்வரிசி.

தந்திக் கம்பங்களை எண்ணினார். நாற்பத்தாறு வரை எண்ணியது அவருக்குப் பின்னாலும் நன்றாக ஞாபகம் இருந்தது. அப்போது ரோடு குறுகி ஒரு பாலம் தெரிந்தது. ஒரு வண்டி போகும் அகலம்தான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் பாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது, கூரைமேல் கூட ஆள். லாரியின் வேகம் குறையவில்லை.

உயிரோடு இருப்பவன் என்றால் பிரேக் மிதிப்பான், சாவுக்குப் பயப்படுவான். ஏற்கெனவே செத்தவனுக்கு என்ன பயம்? இந்த எண்ணம் வந்ததும்தான் சின்னுசாமிக்குக் கை வந்தது. பாட்டில் தண்ணீரை அர்த்தநாரியின் முகத்தில் வீசினார். அவன் அசையவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினார். தலை ஆடியது, மேலே போன விழி இறங்கவில்லை. பஸ்ஸின் முகப்புக் கண்ணாடியில் வெயில் பளிச்சிட்டது.

சின்னுசாமி ஸ்டியரிங்கைப் பிடித்தார். இழுத்தார். வரவில்லை. இன்னொருவர் இறுகப் பிடித்திருக்கிற பொருளை இழுத்தால் கைக்கு எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத மனுஷன், அந்த வெற்று இடத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"ராசப்பா! உன் முறை முடிஞ்சுது. எறங்கிக்க சாமி. இனி என் முறை."

ஸ்டியரிங் சட்டென்று இலகுவாகிவிட்டது. அந்தக் கணமே லாரி தாறுமாறாக ஆடியது. அதுவரை ஆடவில்லை. அர்த்தநாரி, தண்ணீருக்கு வராத விழிப்பு வந்து, "அய்யோ" என்று பிரேக்கை மிதித்தான். பின்னால் மூட்டைகள் முட்டின. பாலத்துக்குப் பத்தடி முன்னால் ஓரத்து மண்ணில் டயர் புதைந்து வண்டி நின்றது. பஸ் உரசிக்கொண்டு போயிற்று. கண்டக்டர் தெலுங்கில் வைதுகொண்டே போனான்.

புழுதி அடங்கியது. வலப்பக்கக் கதவு விரியத் திறந்து கிடந்தது. பிரேக் போட்ட குலுக்கலில் திறந்திருக்கும்.

"எங்கீங்க எறக்கி உட்டீங்க?" என்றான் அர்த்தநாரி.

"என்னது?"

"ராசப்பன. எந்த எடத்துலீங்ணா எறக்கி உட்டீங்க?"

கீழே குதித்து வந்த வழியே ஓடினான். சின்னுசாமி பின்னால் போனார், இளைப்போடு. டயர் தடம் இருந்தது. தடத்துக்கு அந்தப் பக்கம் கரிசல் வெடிப்பு விட்டுக் கிடந்தது. அதில் ஒரு காலடிகூட இல்லை. எட்டிய தூரம்வரை ஆள் இல்லை, ஒதுங்க மறைவும் இல்லை. அர்த்தநாரி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"தெரியாத ஊருங்க. பாஷையும் தெரியாது அவனுக்கு. எப்பிடி ஊருக்குப் போய்ச் சேருவான்?"

"அவன் போயி ஒரு வருசமாச்சு தம்பி. நீதான ஒடம்ப எடுத்தாந்து குடுத்தே."

அர்த்தநாரி ரோட்டிலேயே உட்கார்ந்தான். சின்னுசாமி அவன் கையைப் பிடித்து லாரிக்குக் கூட்டி வந்து, மீதித் தண்ணீரைக் குடிக்க வைத்து, லாரி நிழலில் படுதாவை விரித்துப் படுக்க வைத்தார். படுத்தவன் மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் எழுந்தான். நடுவில் சின்னுசாமி அவன் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று நாலு தரம் பார்த்தார்.

ஊர் திரும்பியதும், கொட்டகையில் கூட்டமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிரைவர்களிடம் ரீல் கதையைச் சொன்னார். அடி விழும் என்று எதிர்பார்த்திருந்தார். யாரும் அடிக்கவில்லை. "நீங்க மாத்தாட்டி என்னுங்ணா, அவன் வந்திருப்பான். சரி, இன்னிக்கி எப்பிடி ஓட்டறீங்க?" என்றார்கள். ஊரில் வீடியோ டெக் வந்த பிறகு அதே படத்தைக் கேசட்டில் எடுத்து, முன்னும் பின்னுமாகச் சுற்றித் தாங்களே வரிசை மாற்றிப் பார்த்தார்கள் என்று கேள்வி. சின்னுசாமி அதற்குள் கொட்டகையை விட்டிருந்தார்.

பாலத்துக்கு முன்னால் என் முறை என்று வாயால் சொல்லியாகிவிட்டது. சொன்னது யார் காதில் விழுந்ததோ, அது வேறு விஷயம். நாற்பத்தொரு வயதில் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டார். கண்ணைச் சோதித்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினாலும் எழுதிக் கொடுத்தார். அர்த்தநாரி பட்டறைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் மூன்று மாதம் வண்டி பழக்கினான். "கிளச்ச மிதிங்ணா, தரையை இல்ல" என்று கத்துவான். லாரி முதலாளி சிரித்தார். வசந்தாமணி சிரிக்கவில்லை. "இவரு எட்டு மணி நேரம் தூங்கோணும். நீங்க எப்பிடி ஓட்டுவீங்களோ ஓட்டுங்க" என்றாள்.

1985ஆம் வருடம், பங்குனி. சின்னுசாமி லைனில் தன் முதல் முறையை எடுத்தார். கிருஷ்ணகிரி தாண்டிப் பகல் ஒரு மணிக்கு அர்த்தநாரி இறங்கி, இவர் ஏறினார். அர்த்தநாரி பின்பலகையில் படுத்து, நூறு எண்ணுவதற்குள் குறட்டை விட்டான். சின்னுசாமி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, மாட்டு வண்டியெல்லாம் முந்திப் போகிற வேகத்தில் ஓட்டினார். வெயில் கொளுத்தியது. வளைவுகளில் ஸ்டியரிங் அவர் நினைத்ததைவிடக் கொஞ்சம் லேசாகத் திரும்பியது. புதுசாக ஓட்டுகிற எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குமோ என்னவோ. கேட்டுக்கொள்ள ஆள் இல்லை, ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு ஓசூர் செக்போஸ்ட். ஜன்னலுக்குக் கீழே நின்ற கிளார்க் சீட்டுப் புத்தகத்தைத் திறந்து, "எத்தன பேர்?" என்றார்.

சின்னுசாமி திரும்பிப் பார்த்தார். அர்த்தநாரி வாயைத் திறந்து, கண்ணை நன்றாக மூடி, ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கன்னத்தில் எச்சில் வழிந்திருந்தது.

"ரெண்டு பேருங்க."

கிளார்க் எட்டி கேபினுக்குள் ஒரு பார்வை பார்த்தார். இன்னொரு தரமும் பார்த்தார். பிறகு எழுதி, கிழித்து, நீட்டினார்.

சின்னுசாமி சீட்டை வாங்கினார். அதில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தூங்குகிறவன் எழுந்துவிடாதபடி மெதுவாகக் கிளச்சை விட்டார்.